இருபத்தைந்தாம் இடம் தோல்வியா? சிவா கேசவனின் பனித்தட வரலாறு



நம் சேலம், நாமக்கல் பக்கம் பனி என்றால் என்ன? மார்கழி காலையில் புல்நுனியில் நிற்கும் ஈரம். ஏற்காடு மலையை மறைக்கும் வெண்புகை. கொல்லிமலை அடிவாரத்தில் பைக் ஓட்டுகிறவர் காதில் மஃப்ளர் சுற்ற வைக்கும் குளிர். அவ்வளவுதான். ஐஸ் என்றால் வண்டிக்காரர் மணியடித்து விற்கும் குச்சி ஐஸ். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களாகிய நாம் இன்று பனிக்கட்டித் தடத்தில் சறுக்கி ஓடிய ஒரு மனிதரின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். தேர்வு முடிவுகள் வந்து, வீட்டுக்கு வீடு மதிப்பெண் பேச்சாக இருக்கும் நேரத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் சிவா கேசவன். 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டவர். ஒரு பதக்கம்கூடப் பெறவில்லை. அவருடைய மிகச் சிறந்த இடம் 25. இனி மேலே படிப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவே.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஒலிம்பிக் என்றாலே நமக்குக் கோடைக்கால ஒலிம்பிக்தான் தெரியும். குளிர்கால ஒலிம்பிக் என்று தனியே ஒன்று உண்டு. 1924-ல் பிரான்சின் சமோனியில் தொடங்கியது. பனிமலைச் சரிவிலும் உறைபனித் தடத்திலும் நடக்கும் விளையாட்டுகள் அதில் இடம்பெறும். பனிச்சறுக்குப் பலகையில் நின்றபடி இறங்குவது ஒரு வகை. அதற்கு ஸ்னோபோர்டு என்று பெயர். 1998 நகானோ ஒலிம்பிக்கில்தான் அது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதிலேயே பலர் ஒரே நேரத்தில் மேடுபள்ளங்களைத் தாண்டி ஒருவரை ஒருவர் முந்தும் 'ஸ்னோபோர்டு கிராஸ்' பந்தயம் 2006 டூரினில் வந்தது. நம் சிவா கேசவன் ஆடியது இன்னொரு வகை. அதன் பெயர் லூஜ்.

லூஜ் என்றால் என்ன? மலையிலிருந்து கீழே வளைந்து வளைந்து இறங்கும் ஒரு நீண்ட வாய்க்காலைக் கற்பனை செய்யுங்கள். நம் மேட்டூர் கால்வாய் போல அகலம் வேண்டாம். ஒரு ஆள் போகிற அகலம் போதும். அதன் தரையும் சுவரும் முழுக்க உறைந்த பனிக்கட்டி. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். அதில் ஒரு சிறு சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து, கால் முன்னே போக, தலை பின்னே வர இறங்க வேண்டும். வண்டிக்குக் கீழே இரண்டு எஃகுத் தகடுகள். சக்கரம் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. பிரேக்கும் கிடையாது. கெண்டைக்காலால் வண்டியின் முன்வளைவை அழுத்தியும், தோளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தும்தான் திருப்ப வேண்டும். தலையைத் தூக்கி வழியைப் பார்த்தால் காற்று தடுத்து வேகம் குறையும். அதனால் தடத்தின் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். வாய்ப்பாடு போல.

நம் வீடுகளில் லாரி டிரைவர்கள் நிறைய. அவர்களுக்கு இது சட்டென்று புரியும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் 20. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடாதே என்பது நம் டிரைவர்கள் கிளீனருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள். லூஜ் என்பது நியூட்ரலில், பிரேக் இல்லாமல், மல்லாந்து படுத்துக்கொண்டு மலை இறங்குவது. வேகம் மணிக்கு 130, 140 கிலோமீட்டர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கேசவனின் பெயரில் மணிக்கு 134.3 கிலோமீட்டர் என்றொரு வேகப் பதிவு உண்டு. அதை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றுங்கள். 3,600-ஆல் வகுத்தால் 37.3 மீட்டர் வரும். நம் பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு விசில் ஊதி, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் இவர் நூறு மீட்டரைக் கடந்திருப்பார். மூன்று நொடிகூட ஆகாது. லூஜ் போட்டியில் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி வரை அளக்கிறார்கள். அந்த ஆயிரத்தில் ஒரு நொடியில் வண்டி நகரும் தூரம் சுமார் நாலு சென்டிமீட்டர். நம் கட்டைவிரல் நீளத்தைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் ஒருவர் முந்தி, ஒருவர் பிந்திப் போகலாம். தனிநபர் போட்டியில் ஒலிம்பிக்கில் நான்கு முறை இறங்க வேண்டும். நான்கின் நேரத்தையும் கூட்டி இடம் தருவார்கள்.

இப்போது ஆளைப் பார்ப்போம்.

சிவா கேசவன் 25-8-1981 அன்று பிறந்தவர். தந்தை கேரளத்தின் தலச்சேரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். தாய் இத்தாலி நாட்டவர். இருவரும் இமாசலப் பிரதேசத்தின் மணாலியில் குடியமர்ந்து உணவகம் நடத்தினார்கள். மணாலியை ஒட்டிய வசிஷ்ட் என்ற மலைக்கிராமத்தில் பிள்ளை வளர்ந்தான். பனிக்காலத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சறுக்குவதுதான் விளையாட்டு, நம் பிள்ளைகளுக்குக் கில்லியும் பம்பரமும் போல. பிறகு சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில் படித்தான்.

1990-களின் நடுவில், சர்வதேச லூஜ் சங்கத்தின் சார்பில் ஆஸ்திரியாவின் முன்னாள் வீரர் குந்தர் லெம்மரர் இந்தியாவுக்கு வந்து ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். பனி இல்லாத நாடுகளிலும் இந்த விளையாட்டைப் பரப்ப வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். பனி இல்லையென்றால் என்ன செய்வது? சறுக்கு வண்டிக்குக் கீழே சக்கரம் பொருத்திச் சாலையில் இறங்க விட்டார்கள். பள்ளி மாணவர்கள் பலர் வந்தார்கள். அதில் தேறியவர்களில் ஒருவன்தான் சிவா. பின்னர் ஆஸ்திரியாவுக்குச் சென்று முதன்முதலாக உண்மையான பனித்தடத்தில் இறங்கினான்.

அதிலிருந்து சில ஆண்டுகளுக்குள், 1998 பிப்ரவரியில், ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வயது 16. நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. இந்திய அணியில் மொத்தம் எத்தனை பேர்? ஒரே ஒருவர். கொடி பிடித்தவரும் அவரே, பின்னால் நடந்த அணியும் அவரே.

அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் ஜெர்மனியின் கியார்க் ஹாக்கல். 1992, 1994-ஐத் தொடர்ந்து அது அவருக்கு மூன்றாவது தங்கம். அவர் பிறந்து வளர்ந்த பெர்ஷ்டெஸ்காடன் பகுதியில், கோனிக்ஸ்ஸே என்ற ஏரிக்கரையில், உலகின் முதல் செயற்கைக் குளிரூட்டப்பட்ட பனித்தடம் இருந்தது. நினைத்தபோது போய்ப் பழக முடிந்தது. நம் பையன் சக்கர வண்டியில் பழகிப் போனவன். அவனுக்கு 28-வது இடம் கிடைத்தது. செல்வங்களே, இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரே பந்தயம்தான். ஆனால் தொடங்கிய இடம் ஒன்றல்ல.

கேசவனுக்கு முன்பும் இந்தியர்கள் குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சென்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1964-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பவர் இந்தியாவின் சார்பில் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். போலந்து வழியில் வந்து இந்தியாவில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை. 1968-லும் சென்றார். லூஜ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும் அதே 1964-ல், அதே இன்ஸ்புரூக்கில்தான். பிறகு இருபது ஆண்டுகள் யாரும் இல்லை. 1988 கால்கரிக்கு மூன்று பேர் போனார்கள். அதில் ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண். 1992-ல் இரண்டு பேர். இவர்கள் எல்லோரும் பனிச்சறுக்கு வீரர்கள். லூஜுக்கு முதல் இந்தியர் கேசவன்தான்.

2002-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. அங்கேயும் இந்திய அணி என்றால் கேசவன் ஒருவர்தான். 33-வது இடம். அந்தக் காலகட்டத்தில் இத்தாலி நாட்டு அணி அவரை அழைத்தது. தாய் இத்தாலியர் ஆதலால் அந்நாட்டுக்காக ஆட அவருக்கு வழி இருந்தது. பயிற்சியாளர், வண்டி, தடம், மாதச் செலவு எல்லாம் கிடைத்திருக்கும். அவர் மறுத்துவிட்டார். இந்தியாவுக்குத்தான் ஆடுவேன் என்றார்.

இதை வாட்ஸ்அப்பில் வரும் தேசபக்திச் செய்தி போல வாசித்துவிட்டுப் போய்விடாதீர்கள். மறுத்ததன் விலை என்ன என்று பாருங்கள். 2006 டூரின் ஒலிம்பிக் நடந்ததே இத்தாலியில். ஆண்கள் லூஜில் தங்கம் வென்றவர் இத்தாலியின் ஆர்மின் சோகெலர். அவருடைய அணியில் இருந்திருக்க வேண்டியவர் இந்தியச் சட்டையில் இறங்கி 25-வது இடம் பெற்றார். தாயின் நாட்டில் பெற்ற அந்த 25-தான் அவர் வாழ்நாளின் சிறந்த ஒலிம்பிக் இடம்.

இந்தியாவில் அப்போது அவருக்கு என்ன இருந்தது? பனித்தடம் இல்லை. பந்தயத் தரமுள்ள தடத்தில் பழக வேண்டுமானால் ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ போக வேண்டும். பல ஆண்டுகள் முழுநேரப் பயிற்சியாளரும் இல்லை. அதனால் கோடைக்காலத்தில் மணாலியைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளில் சக்கர வண்டியில் இறங்கிப் பழகினார். அந்தக் காணொளி இணையத்தில் இருக்கிறது. தார்ச்சாலையில் தரையோடு தரையாக ஒரு மனிதர் மல்லாந்து வருகிறார். எதிரே லாரி, பக்கத்தில் ஜீப், நடுவே ஆட்டு மந்தை. எல்லாவற்றுக்கும் இடையே புகுந்து போகிறார். வடக்கே லோடு அடித்த நம் டிரைவர்கள் யாராவது அந்தச் சாலையில் அவரைப் பார்த்து ஹாரன் அடித்திருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் என் மாணவர்கள் யாரும் ஏற்காடு சாலையில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. இது ஆசிரியரின் கட்டளை.

2010 வான்கூவர். போட்டிக்குப் போகும் முன் நல்ல சறுக்கு வண்டி வாங்கப் பணம் இல்லை. டெல்லியில் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து நிதி திரட்டிக் கொடுத்தார்கள். வான்கூவர் போய்ச் சேர்ந்த பிறகு, இந்திய அணியினருக்கு நல்ல உடை வாங்க அங்கே வாழும் இந்தியர்கள் பணம் போட்டார்கள். நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டின் அணி அது. மொத்தம் மூன்றே பேர்.

அந்த ஒலிம்பிக்கின் தொடக்க நாளான 12-2-2010 அன்று ஒரு துயரம் நடந்தது. ஜார்ஜியா நாட்டின் லூஜ் வீரர் நோடார் குமரிதாஷ்விலி, வயது 21, பயிற்சி ஓட்டத்தின் கடைசி வளைவில் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு இரும்புத் தூணில் மோதி இறந்தார். தடத்தின் வேகம் மிக அதிகம் என்ற பேச்சு முன்பே இருந்தது. அதன் பிறகு ஆண்கள் போட்டி தொடங்கும் இடத்தைக் கீழே இறக்கி, மோதிய இடத்தில் சுவரை உயர்த்தினார்கள். மறுநாளே போட்டி. கூடப் பழகிய ஒருவன் நேற்று இறந்த தடத்தில் இன்று மல்லாந்து படுத்து இறங்க வேண்டும். கேசவன் இறங்கினார். 29-வது இடம். அன்று அந்த எண்ணைக் கேட்டு யாராவது உதட்டைப் பிதுக்கியிருந்தால், அவர்களுக்கு அந்த விளையாட்டு என்னவென்றே தெரியவில்லை என்றுதான் பொருள்.

அடுத்த ஆண்டு, 2011-ல், ஜப்பானின் நகானோவில் நடந்த ஆசியக் கோப்பையில் கேசவன் தங்கம் வென்றார். மேலே நாம் கணக்குப் போட்ட 134.3 கிலோமீட்டர் வேகம் அங்கே பதிவானதுதான். 16 வயதில் 28-வதாக வந்த அதே ஊரில், 30 வயதில் முதலாவது. 2012-லும் தங்கம். நம் செய்தித்தாள்களில் அது ஒரு மூலையில் வந்ததா என்பதுகூடச் சந்தேகம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த வரலாற்றின் மிகவும் வருத்தமான அத்தியாயம். 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் சங்கத் தேர்தலில் நின்றதும், தேர்தல் முறையும்தான் காரணம். அதன் பலன் யார் தலையில் விழுந்தது? 2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக் தொடக்க விழாவில் கேசவனும் மற்ற இரண்டு இந்திய வீரர்களும் இந்தியக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். இத்தாலிக் கொடி வேண்டாம், இந்தியக் கொடிதான் வேண்டும் என்றவருக்கு அந்தக் கொடியை இல்லாமல் செய்தது நம் நாட்டு நிர்வாகிகள்தான்.

இடைநீக்கம் 11-2-2014 அன்று நீக்கப்பட்டது. ஆனால் லூஜ் போட்டி 9-ஆம் தேதியே முடிந்துவிட்டது. இரண்டே நாள் தாமதம். ஆயிரத்தில் ஒரு நொடியை அளக்கும் விளையாட்டுக்காரருக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது கொடி. அந்தப் போட்டியில் அவருக்கு 37-வது இடம்.

சோச்சியில் இன்னொன்றும் நடந்தது. பயிற்சி ஓட்டத்தில் ஒரு வளைவில் கேசவன் வண்டியிலிருந்து கவிழ்ந்து விழுந்தார். மற்றவர்களாக இருந்தால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போயிருக்கும். இவர் வண்டியை விடவில்லை. சறுக்கிக்கொண்டே போகும்போது மறுபடியும் அதன் மேல் ஏறிப் படுத்து, ஓட்டத்தை முடித்தார். உலகம் முழுவதும் அந்தக் காணொளியைப் பார்த்துக் கைதட்டியது. பதக்கம் வென்ற பலருடைய பெயர் மறந்துபோனவர்களுக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கிறது.

2016-லும் 2017-லும் மீண்டும் ஆசியத் தங்கம். 2018 தென்கொரியாவின் பியாங்சாங்கில் ஆறாவது ஒலிம்பிக். வயது 36. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தார். 34-வது இடம். அத்துடன் ஓய்வு பெற்றார். அதே போட்டியில் மூன்று ஓட்டம் வரை முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லாக், இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், நான்காவது ஓட்டத்தில் ஒரு வளைவில் தடுமாறி ஐந்தாம் இடத்துக்குப் போனார். தடத்துக்கு ஆள் யாரென்று தெரியாது. 2020-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கேசவனுக்குக் கிடைத்தது. விளையாட்டை விட்ட பிறகு வந்த விருது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

உங்களில் பலர் இன்று பெற்றோர். நம் நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் லாரிக்கும் பேர் போனது போலவே மதிப்பெண்ணுக்கும் பேர் போனது. வெளியூர்ப் பிள்ளைகளை இங்கே விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பிள்ளைகளின் படம் போட்ட பலகைகள் நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்வில் இடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. நல்ல முடிவு. பலகைகள் குறைந்தன. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பலகை இறங்கியதா? "பக்கத்து வீட்டுப் பொண்ணு எவ்வளவு?" என்ற கேள்வி நின்றதா?

இடம் என்பது ஓர் எண். அது எங்கே முடித்தார் என்பதைச் சொல்லும். எங்கே தொடங்கினார் என்பதைச் சொல்லாது. ஏரிக்கரைத் தடத்தில் வளர்ந்தவரின் ஒன்றையும், ஆட்டு மந்தைக்கு நடுவே சக்கர வண்டியில் பழகியவரின் இருபத்தைந்தையும் அருகருகே வைத்தால், எந்த எண்ணில் உழைப்பு அதிகம் என்று சொல்ல முடியுமா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்து, மாலையில் தறிக்கு நூல் சுற்றிவிட்டு, 400 வாங்கிய பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். எனக்கு அந்த 400 எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

அதற்காகத் தோற்றாலும் பரவாயில்லை என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். கேசவன் அப்படிச் சொன்னவர் அல்ல. ஒவ்வொரு முறையும் முன்னேறத்தான் இறங்கினார். ஆசியாவில் முதலிடம் வந்தும் காட்டினார். முயற்சியை விடாமல் இருப்பதும், இடத்தை மட்டும் வைத்து மனிதனை அளக்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

முதலில் ஸ்னோபோர்டு கிராஸ் என்று ஒரு பந்தயம் சொன்னேனே, அதிலிருந்து ஓர் உதாரணம். 2006 டூரினில் அமெரிக்காவின் லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ் என்ற 20 வயதுப் பெண் இறுதிப் பந்தயத்தில் வெகுதூரம் முன்னிலையில் இருந்தார். கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன், ஒரு தாவலில் பலகையைக் கையால் பிடித்து அலங்காரம் காட்டினார். விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தன்யா ஃப்ரீடன் முந்திப்போய்த் தங்கம் வாங்கினார். ஜேக்கபெல்லிஸுக்கு வெள்ளி. உலகமே பல ஆண்டுகள் அந்த ஒரு விழுதலை வைத்துப் பேசியது. அவர் ஆட்டத்தை விடவில்லை. 2010, 2014, 2018 மூன்றிலும் பதக்கம் இல்லை. 2022 பெய்ஜிங்கில், 36-வது வயதில், தங்கம் வென்றார். கலப்பு இணைப் போட்டியில் இன்னொரு தங்கமும். பதினாறு ஆண்டுகள். ஒரு நாள் மதிப்பெண்ணை வைத்து அந்தப் பெண்ணை எழுதித் தள்ளியவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

இரண்டாவதாக ஒன்றும் சொல்ல வேண்டும். கேசவனின் கதையைச் சொல்லிவிட்டு, "பார்த்தாயா, வசதி இல்லாமலே சாதிக்கலாம், நீயும் செய்" என்று பிள்ளைகளிடம் சொல்வது நியாயம் இல்லை. அவர் வசதி இல்லாமல் ஆடியது அவருக்குப் பெருமை. நமக்கு அது பெருமை அல்ல. பயிற்சியாளர் கிடைத்திருந்தால், நல்ல வண்டி கிடைத்திருந்தால், 25 என்பது 15 ஆகியிருக்கலாம். 2022 பெய்ஜிங்குக்கு இந்தியாவிலிருந்து போனது காஷ்மீரின் ஆரிஃப் கான் ஒருவர்தான். 1998-லும் ஒருவர், 2022-லும் ஒருவர். தனி ஆள் வழி வெட்டுவார். அதில் மற்றவர்கள் நடக்க வேண்டுமானால் ஊர் சேர்ந்து ரோடு போட வேண்டும்.

நம் பக்கமே இதற்கு உதாரணம் இருக்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். சின்னப்பம்பட்டியின் நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடினார். பின்பு சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தார். தான் ஏறிய ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கு வைத்துவிட்டுப் போவது அது. உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள், தொழிலில் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் படித்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு வாலிபால் வலை, நாலு ஜோடி ஓட்டக் காலணி வாங்கிக் கொடுப்பது பெரிய செலவு அல்ல. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது குந்தர் லெம்மரர் கொண்டுவந்த சக்கர வண்டி.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வேலை, வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும்போது, எத்தனையாவது இடம் என்று கேட்பதற்கு முன், போன வருஷம் இதே பாடத்தில் எங்கே இருந்தாய் கண்ணு என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்தப் பலகையிலும் வராது. அதைப் பெற்றோரும் ஆசிரியரும்தான் பார்க்க முடியும்.

படித்தவர்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சுட்டிக்காட்டலாம். நான் உங்களுக்குச் செய்ததைத்தானே நீங்கள் செய்யப் போகிறீர்கள்.

வாழ்க வளமுடன்.